ஒன்றும் ஆகாத கதைகள்

ராபியா எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கச் சேர்ந்தபோது கோட்டையூரே மூக்கில் விரல் வைத்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்கு ஆயிரம் சோலி. முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி பையை மாட்டிக்கொண்டு காரைக்குடி டவுன் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துச் சிரிக்க யாருக்கு நேரம்? சிரித்தது அவளுடைய மகள் சப்ரின் ஒருத்திதான்.

"ஏம்மா, நானும் பன்னெண்டாவதுக்குப் படிக்கணும், நீயும் பரீட்சைக்குப் படிக்கணும். அப்ப சோறு ஆக்குறது யாரு, அத்தாவா?"

"ஏன், நான் ஆக்குனா வேகாதா? மலேசியாவுல ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு வந்தவன்" என்றார் அத்தா. ராபியாவின் வீட்டுக்காரர், பெயர் முஜிபுர் ரகுமான். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி கலக்குகிறவராகப் போய்ச் சேர்ந்து, வாலிபம் பூராவையும் அங்கேயே கலக்கி ஊற்றிவிட்டு, போதும் என்று ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது கோட்டையூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு டீக்கடை. ராபியாவைப் படிக்கச் சொன்னவரே அவர்தான். "படிக்கணும் படிக்கணும்னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்தியே, இப்பப் போ. நான்தான் இருக்கேன்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சம் இருந்தது. வீட்டில் இருப்பது அவருக்கே இன்னும் பழகவில்லை.

ராபியாவுக்குப் படிப்பு புதிதல்ல. கல்லூரியில் முதல் வருஷம் முடித்த கையோடு கல்யாணம். அதற்குப் பிறகு சப்ரினை இடுப்பில் வைத்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ.வை இழுத்து இழுத்து முடித்தாள். அதனால் பல்கலைக்கழக வகுப்பில் போய் உட்கார்ந்தபோது பாடம் அவளை மிரட்டவில்லை. பார்த்தே இராத பூக்களைப் பற்றிய கவிதைகள், சிவகங்கைச் சீமையில் பெய்யவே பெய்யாத பனியைப் பற்றிய நாவல்கள், எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாள். கூடப் படித்த பிள்ளைகள் இரண்டாம் நாளே அவளை அக்கா ஆக்கிக்கொண்டார்கள். கல்லலிலிருந்து வரும் அபி என்கிற பெண் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் தன் டப்பா மாதிரியே திறக்க ஆரம்பித்தாள். எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, கதை எழுதுகிற பாடம் வரும் வரைக்கும்.

படைப்பெழுத்து என்று ஒரு பாடம். நடத்தியவர் சௌபர்ணிகா மேடம். மதுரைக்காரர், ராபியாவைவிட ஏழெட்டு வயது இளையவர். அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய கதையை எல்லாரும் முந்தின நாளே படித்துவிட்டு வரவேண்டும். வட்டமாக உட்கார்ந்து பேசவேண்டும். பேசி முடிக்கிற வரைக்கும் எழுதியவர் மட்டும் வாயே திறக்கக் கூடாது. சும்மா இருக்கச் சொல்லுவது லேசு. தன் கதையைப் பற்றி நாலு பேர் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் அந்த அவஸ்தை.

ராபியாவின் முதல் கதையில் ஒரு குடும்பம் வேன் பிடித்துக் கொத்தமங்கலத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறது. வேன் நேரத்துக்கு வந்தது. பிரியாணி நன்றாக இருந்தது. பெண் அழகாக இருந்தாள். எல்லாரும் வீடு திரும்பினார்கள். அவ்வளவுதான் கதை.

"அக்கா, வேன் எங்கயாச்சும் கவுந்துருமோன்னு கடைசி வரி வரைக்கும் பயந்துக்கிட்டே படிச்சேன்" என்றாள் அபி.

இரண்டாவது கதையில் திருடன் வந்தான். வந்தவன் ஒன்றையும் எடுக்கவில்லை. திறந்து கிடந்த கதவைச் சாத்திவிட்டுப் போனான். மூன்றாவது கதையில் ஒரு பிள்ளை ஊருணியில் விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். பிள்ளை எழுந்து நின்று சிரித்தது. வகுப்பும் சேர்ந்து சிரித்தது. ராபியாக்கா கதையில் பேய் வந்தாலும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் போகும் என்று ஒரு பையன் சொல்ல, ராபியாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது.

வகுப்பு முடிந்ததும் சௌபர்ணிகா மேடம் அவளை நிறுத்தினார். "அக்கா, இந்த வகுப்புலயே உங்க இங்கிலீஷ்தான் நல்ல இங்கிலீஷ். ஆனா உங்க கதையில யாருக்கும் ஒண்ணும் ஆக மாட்டேங்குதே. ஆக விட மாட்டேங்கிறீங்க. கிட்டக்கப் போறீங்க, போனதும் கையப் பிடிச்சுத் தூக்கி விட்டுர்றீங்க. ஏன்?"

ஏன் என்று ராபியாவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "எல்லாரும் நல்லா இருந்தா அந்த மேடத்துக்கு என்னவாம்? யாரையாச்சும் சாகடிச்சாத்தான் மார்க்குப் போடுவாகளாமா? நல்ல படிப்பு போ!"

அந்த வாரமே அவருக்குக் கடையில் கை வெந்துபோனது. பாய்லரில் இருந்த கொதி தண்ணீர் மணிக்கட்டு வரை கொட்டிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து ராபியாவின் அண்ணன் அப்துல் சுபஹான் போன் செய்தார்.

"என்னம்மா, எல்லாரும் எப்படி இருக்கீக? மச்சான் எங்க?"

"நல்லா இருக்கோம்ணே. அவுகளும் நல்லா இருக்காக. கடையில யாவாரம் சொல்ல முடியாத கூட்டம், அதான் இன்னும் வரல" என்றாள் ராபியா. வாய் தானாகச் சொன்னது. எதிரில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த கணவரும் சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். எதுவுமே வித்தியாசமாகத் தெரியவில்லை இரண்டு பேருக்கும். சோற்றுத் தட்டோடு நின்ற சப்ரின்தான் அத்தாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னம்மா நீ, இப்படிக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டே கதை விடுறே?"

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போன பிறகும், கதை விடுறே என்று மகள் சொன்னது ராபியாவின் காதிலேயே நின்றது.

சபுராளி வீடு என்று சொல்வார்கள், வீட்டில் ஒரு ஆள் கடல் கடந்து சம்பாதிக்கிற வீட்டை. அந்த வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீற எவருக்கும் துணிச்சல் வராது. போனில் கெட்ட சேதி சொல்லக் கூடாது. தூரத்தில் கிடக்கிற பிள்ளை பாவம், கேட்டு என்ன செய்யும்? ஓடி வரவும் முடியாது, உட்கார்ந்து வேலை பார்க்கவும் முடியாது. அதனால் இங்கே காய்ச்சல் என்றால் அங்கே "லேசா சளி". இங்கே கூரை ஒழுகினால் அங்கே "நல்ல மழை". அத்தா மௌத்தாகி அடக்கம் பண்ணி முடிந்த பிறகு "அத்தாவுக்குக் கொஞ்சம் முடியல" என்று ஆரம்பித்து, படிப்படியாக இறக்கிச் சொன்ன வீடுகள் உண்டு. அந்தப் பக்கத்துக்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? படுக்க இடமில்லாமல் கிடந்தாலும் "ரூம்ல ஏசி போட்டுருக்காக" என்பார்கள். இரண்டு பக்கமும் பாசம்தான். பாசத்தில் பொய் சொல்லிச் சொல்லி, கடைசியில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே நல்ல சேதியைத் தவிர ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

ராபியா தன் கணவரிடம் அப்படித்தான் பேசினாள், கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு அவர் கூப்பிடுவார். அவள் நல்லதாக நாலு சேதியை எடுத்து வைத்திருப்பாள். எடுத்து வைக்க எதுவும் இல்லாத வாரத்தில் உண்டாக்கினாள். மேடம் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. வேனும் திருடனும் ஊருணியும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிட்டது. அது மட்டுமா? சொல்லாமல் விட்ட சேதிகளிலேயே பெரிய சேதியும் கூடவே எழுந்து வந்து நின்றது.

அது சப்ரின் இரண்டாம் வகுப்புப் படித்தபோது நடந்தது. விடுப்பில் வந்துவிட்டு அவர் ஈப்போவுக்குத் திரும்பிய பிறகுதான் ராபியாவுக்குத் தெரிந்தது, தான் உண்டாகியிருக்கிறோம் என்று. "முதல்ல நிலைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் மாமியார். பெருநாளைக்குச் சொல்லி அவரைத் திக்குமுக்காட வைக்கவேண்டும் என்று ராபியாவும் ஆசைப்பட்டு மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். பெருநாள் வருவதற்குள் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. பெண் பிள்ளை. அண்ணன் அப்துல் சுபஹான் அப்போது ஊரில்தான் இருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய் கோட்டையூர் மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்தார். "மாப்பிள்ளைக்குச் சொல்லிறாதீக. வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவாரு" என்றார். மாமியாரும் அதையே சொன்னார். உண்டானதையே சொல்லவில்லை, போனதை எப்படிச் சொல்வது?

அடுத்த விடுப்பில் அவர் வந்தபோது சொல்லலாம் என்றுதான் இருந்தாள். கை நிறையச் சாக்லேட்டும் சிரிப்புமாக வந்தவரிடம் வாய் வரவில்லை. அதற்கடுத்த விடுப்பில் இன்னும் வரவில்லை. அப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்கிற கேள்விக்குப் பயந்தே சொல்லாமல் விட்டாள். மாமியாரும் காலமாகிவிட்டார். இப்போது அது அவளுக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த சேதி.

அதை எழுதவேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்தாள், கை அதைத்தான் எழுதியது. அதுவரை தமிழில் யோசித்து, வரி வரியாக இங்கிலீஷுக்கு மாற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நேராக இங்கிலீஷிலேயே வந்தது. அந்த மொழியில் அவள் யாரிடமும் "நல்லா இருக்கோம்" என்று போனில் சொன்னதில்லை அல்லவா, அதனாலோ என்னவோ, தடுக்க ஆளில்லாத மாதிரி வந்து விழுந்தது. கதையில் தனக்கு சலீமா என்று பேர் வைத்துக்கொண்டாள். சலீமாவை அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. எழுதி முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல டவுன் பஸ் ஏறினாள்.

வட்டத்தில் அந்தக் கதையின் முறை வந்தது. அபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். கடைசியில் மேடம்தான் பேசினார். வருகிற திங்கட்கிழமை துறையில் வாசிப்பு நாள். எல்லாரும் அவரவர் கதையை மேடையில் வாசிக்கவேண்டும், வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம். "நீங்க இதை வாசிக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா முடிவு உங்களோடது. திருடன் கதைய வாசிச்சாலும் எனக்குச் சம்மதந்தான்" என்றார்.

வாசிப்பு நாளைப் பற்றி ராபியா வீட்டில் மூச்சு விடவில்லை. துறையின் வாட்ஸ்அப் அழைப்பைப் பார்த்துவிட்டு சப்ரின் சொல்லிவிட்டாள். முஜிபுர் ரகுமானுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீக்கடைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்க வீட்ல கதை எழுதுறாக. இங்கிலீஷ் கதை. திங்கக்கெழம யூனிவர்சிட்டியில மேடையில படிக்கிறாக. கடை மத்தியானத்துக்கு மேலதான்" என்று தம்பட்டம். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். சப்ரினும் வருவாளாம். இங்கிலீஷ் தெரிந்த சப்ரின், அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வருவாளாம்.

ராபியாவுக்குச் சோறு இறங்கவில்லை. பேசாமல் திருடன் கதையை வாசித்துவிடலாம். சபையும் சிரிக்கும், அவரும் சிரிப்பார், வீட்டுக்கு வந்து இன்னும் நாலு பேரிடம் சொல்வார். யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குத் தன் மேல் வெறுப்பாக வந்தது. ஊருக்கு முன்னால், மகள் வாயால், அவர் இதைக் கேட்கக் கூடாது. அதே சமயம் இந்தப் பிள்ளையை இன்னொரு தடவை மறைக்கவும் அவளால் ஆகாது. அப்படியானால் திங்கட்கிழமைக்கு முன்னால் அவள்தான் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, அவர் கைலியை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். சப்ரின் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள்.

"அந்தக் கதைய எனக்கு இப்பவே தமிழ்ல சொல்லு, ராபியா. அங்க வந்து பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உக்கார முடியாது. எங்க கைதட்டணும்னாச்சும் தெரியணும்ல?"

ராபியா தாள்களை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் வரியைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். சலீமா என்று ஒருத்தி. புருஷன் வெளிநாட்டில். பெருநாளைக்குச் சொல்லி அவனைத் திக்குமுக்காட வைக்கவேண்டும் என்று ஒரு சேதியை வயிற்றில் வைத்திருக்கிறாள். அவர் சிரித்தார். "கள்ளி!" என்றார் சலீமாவை.

சலீமாவுக்கு வயிறு வலித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா வந்து பார்த்தார். அடுத்த வரி தாளில் இருந்தது. ராபியா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள், "பாத்துட்டு, பயப்பட ஒண்ணுமில்லம்மா, சூடுதான், எளநி குடின்னு சொன்னாக. சலீமா வீட்டுக்கு வந்துட்டா. பெருநாளைக்கு அவரு கூப்புட்டாரு. இவ சொன்னா. அவருக்கு ஒரே சந்தோசம்."

அவ்வளவுதான், வாய் நின்றுவிட்டது. தாளில் இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது.

முஜிபுர் ரகுமான் கைதட்டவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், "இது போன்ல பேசுற குரலாச்சே, ராபியா."

அவள் தாள்களின் ஓரங்களைத் தட்டி அடுக்கினாள்.

"அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? வாராவாரம் கேட்டவன். நானும் அதே குரல்லதானே உன்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்? மொத பாதி வேற குரல்ல சொன்னே. ஆஸ்பத்திரின்னு வந்ததும் போனுக்கு மாறிட்டே. அதுல என்னதான் எழுதியிருக்கு? மறைக்காம சொல்லு."

அவள் சொன்னாள். தாளைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னாள். சலீமா என்கிற பேரும் எங்கோ உதிர்ந்துபோய், நான் என்றுதான் வந்தது. ஐந்தாம் மாசம் என்றாள். பொம்பளைப் பிள்ளை என்றாள். அண்ணன் சுற்றி எடுத்துக்கொண்டு போனதைச் சொன்னாள். அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. வெந்த கையை மற்ற கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டுக் கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது ராபியாவுக்கு.

"அது என்ன கெழம?" என்று கேட்டார் கடைசியில்.

"வெள்ளிக்கெழம."

"அப்ப நான் போன் பண்ணியிருப்பேனே?"

"பண்ணுனீக."

"அன்னைக்கி நான் உன்கிட்ட என்ன பேசுனேன்?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. ஆனால் பதில் அவளுக்குத் தெரியும், மறந்ததே இல்லை. "சப்ரினுக்குச் சைக்கிள் வாங்கிட்டியான்னு கேட்டீக மச்சான். வாங்கியாச்சு, செவப்பு சைக்கிளு, ஊருணிக் கரையில ஓட்டிக்கிட்டுத் திரியிறா, எறங்க மாட்டேங்கிறான்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் சொன்னேன். அப்ப சைக்கிளே வாங்கல. பொறவுதான் வாங்குனோம்."

"நான் என்ன சொன்னேன்?"

"சிரிச்சீக. விழுந்துறாமப் பாத்துக்கன்னீக."

முஜிபுர் ரகுமான் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலால் தடவித் தடவிப் போட்டுக்கொண்டு, கடைக்குப் போய்விட்டார். ராபியா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சொன்னது சரிதானா, சொல்லாமலே செத்திருக்கலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இரவு அவர் வந்தார், சாப்பிட்டார், மகளிடம் இரண்டு வார்த்தை பேசினார், படுத்துவிட்டார். ராபியாவிடம் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் போனவர் விடிந்ததும் வந்து ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். "வா" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். "திங்கக்கெழம அந்தக் கதையவே படி. சப்ரின்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மையவாடி வாசலில் வண்டியை நிறுத்தினார். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் அங்கே கிடையாது. "எந்தப் பக்கம்னு சுபஹான் சொல்லியிருக்கானா?"

"வேப்பமரத்துக்கு அங்குட்டு, செவத்து ஓரமா. தலைமாட்டுல ஒரு கல்லு நட்டுருக்காராம். ஊருக்கு வாரப்பவெல்லாம் கேப்பேன். போயிப் பாத்தேன், எடம் சுத்தமா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாரு."

அவர் உள்ளே போனார். ராபியா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். போனவர் வரவில்லை. முதலில் துஆ ஓதுகிறார் என்று நினைத்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கிளைகள் ஒடிகிற சத்தம் கேட்டது. நின்றது. இன்னும் தள்ளி மறுபடி கேட்டது. வெயில் ஏறிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட கைலி பூராவும் மண், முழங்கைகளில் முள் கிழித்த கோடுகள், கட்டுப் போட்ட கையில் கட்டே அவிழ்ந்து தொங்கியது.

"எடம் இருக்கா மச்சான்? நல்லா இருக்கா?" என்றாள்.

அவர் வாய் திறந்தது. அந்த ஒரு விநாடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவர் நாக்கு எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்று. நல்லா இருக்கு என்று அவர் சொல்லிவிடுவார், அவளும் நம்பிவிடுவாள், இருவரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"இல்ல, ராபியா. நல்லா இல்ல. அங்குட்டுப் பூராம் கருவேலம் மண்டிக் கெடக்கு. வேப்பமரத்த வெட்டிட்டாக போல, தூருகூட இல்ல. கல்லு எதையும் காணோம். மண்ணையும் தடவிப் பாத்துட்டேன். எது நம்ம புள்ளன்னு எனக்குத் தெரியல. தேடிப் பாத்தேன் ராபியா, தெரியல."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு உதடு கோணிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் சொன்ன முதல் கெட்ட சேதி அது. ராபியா அவருடைய வெந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று அழுதது அன்றைக்குத்தான்.